எல்டன் ஜெஸப் கௌபாய் இல்லையாம்

செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது பத்து.

எல்டன் ஜெஸப் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்ததும், காத்திருந்த பதினொரு கௌபாய்களும் ஒரே நேரத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

காரணம் இருந்தது. அன்று விடியற்காலை மலைமேல் ஒரு மாட்டுக்குக் குளம்பு அழுகல். அதைக் கயிறு போட்டுப் பிடித்து, சாய்த்து, குளம்பைக் கழுவி, ஊசி போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். தலையில் தீவனக் கடைக்காரன் இலவசமாகக் கொடுத்த துணித்தொப்பி. காலில் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ். மேல்கோட்டு முழங்கையில் கிழிந்து, அங்கே வெள்ளி நிற ஒட்டுநாடா.

அந்தப் பதினொருவரோ பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. அகலத் தொப்பி, கைகளில் தோல் குஞ்சம், பூட்ஸின் குதிகாலில் கிண்கிணிக்கும் முள்சக்கரம். ஒருவர் தொப்பியில் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கௌண்டரில் இருந்த ஒப்பல் கண்ணாடியைத் தாழ்த்திப் பார்த்தாள். அறுபது வயது. பண்ணைக்காரன் மகள். ஊரில் எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான்.

"என்ன கண்ணு, இந்தப் பக்கம்?"

"சான்றிதழுக்கு வந்தேன் ஒப்பல்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

விலைச்சீட்டுக்காரர் குனிந்து அன்போடு சொன்னார். "சார், சரக்கு இறக்குறவங்க பின்வாசலுக்குப் போகணும்."

இது வயோமிங் மாநிலத்துச் சேஜ்வெல் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், அசல் கௌபாய் சான்றளிப்பு வாரியம். பிறந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. போன வருடம் ஒஹையோவிலிருந்து வந்த ஒரு சுற்றுலாக்கார அம்மாள் எங்கள் மெயின் தெருவில் துணித்தொப்பி போட்ட ஒருவரை நிறுத்தி, "இங்கே கௌபாய்ங்க எங்கே இருப்பாங்க?" என்று கேட்டாராம். அவர், "நான்தாங்க" என்றாராம். அம்மாள் ஊருக்குத் திரும்பி, தான் ஏமாற்றப்பட்டதாக நான்கு பக்கத்துக்குப் புகார் எழுதினார். வயோமிங்குக்கே அவமானம் என்று கவுண்டி கொதித்தது. வாரியம் பிறந்தது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து, சான்றிதழ் பெற்ற கௌபாய் தவிர வேறு யாரும் மெயின் தெரு வழியாக மாடு ஓட்டக் கூடாது என்று சட்டமும் பிறந்தது.

எல்டனுக்கு இதில்தான் சிக்கல். ஆறு பண்ணைக்காரர்கள் சேர்ந்த மேய்ச்சல் சங்கத்தின் மாடுகளைக் கோடை முழுக்க மலைமேல் காவல் காப்பது அவர் வேலை. இருபத்து மூன்று வருட வேலை. வருகிற சனிக்கிழமை மாடுகளைக் கீழே இறக்கியாக வேண்டும். ஞாயிறன்று மலையில் இரண்டடிப் பனி என்று வானொலி சொல்லிவிட்டது. இறங்க ஒரே வழி எங்கள் மெயின் தெரு. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் லாரி பறக்கும் நெடுஞ்சாலை.

சங்கத் தலைவர் ஹைரம் ஓடல் தொலைபேசியில் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள சான்றிதழை வாங்கிடு எல்டன். கன்னுக்குட்டிங்கள பனியில சாகவிட முடியாது. உனக்குக் கிடைக்கலேன்னா, கிடைச்ச ஒருத்தனை உன் இடத்துல வைக்கணும். எனக்கும் வேற வழியில்ல."

நான்கு நாள். அவ்வளவுதான்.

ஒப்பல் விண்ணப்பத்தைத் தள்ளினாள். எல்டன் நின்றபடியே நிரப்பினார். பெயர், வயது, தொப்பியின் அளவு, மீசையின் நீளம். ஏழாவது கேள்வியில் பேனா நின்றது.

'உங்கள் பொறுப்பில் எத்தனை மாடுகள்?'

எங்கள் பக்கத்தில் ஒருவனிடம் எத்தனை மாடு என்று கேட்பதும், அவன் பாங்கில் எவ்வளவு வைத்திருக்கிறான் என்று கேட்பதும் ஒன்று. கேட்கவே மாட்டார்கள். தெரியாத்தனமாகக் கேட்டவனுக்கு இரண்டாவது கோப்பை காப்பி ஊற்ற மாட்டார்கள். எல்டனுக்குக் காதோரம் சிவந்தது. நெடுநேரம் யோசித்து, மரியாதையாக எழுதினார்: 'கொஞ்சம்.'

பத்தே நிமிடத்தில் உள்ளே அழைப்பு.

வாரியத் தலைவர் பிராட்லி வைன்ஸ்காட் எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் முள்சக்கரம் கம்பளத்தில் சிக்கியது. எந்தப் பதற்றமும் இல்லாமல் உட்கார்ந்து, கம்பளத்தைக் கழற்றிவிட்டு, மறுபடி எழுந்தார். இடுப்புப் பட்டையின் வெள்ளி வில்லையில் சாப்பாடு பரிமாறலாம்.

"மிஸ்டர் ஜெஸப், ஏழாவது கேள்விக்கு எண்ணிக்கையை எழுத்துல தரணும். வாரியம் வாய்ப்பேச்சை ஏத்துக்காது."

"அதை யாரும் கேக்க மாட்டாங்க சார்."

"நான் கேக்கறேனே?"

"அதான் சார் எனக்கும் ஆச்சரியம்."

வைன்ஸ்காட் மேசையைச் சுற்றிக் கிணிங் கிணிங்கென்று நடந்து வந்தார். "பாருங்க. நான் ஒளிவுமறைவில்லாம எழுதினேன். என்கிட்ட எத்தனை மாடு? பூஜ்யம். நேர்மைதான் கௌபாயோட முதல் குணம். உங்களுக்கு அதுல ஐந்து மதிப்பெண் குறைக்கிறேன். நாளைக்குக் களப்பரீட்சை. தயவுசெஞ்சு குளிச்சிட்டு வாங்க."

புதன்கிழமை. வாரியத்தின் பின்புறத் திடல்.

முதல் பரீட்சை, வேலியில் சாய்தல்.

திடல் நடுவில் இருபதடிக்கு ஒரு முள்கம்பி வேலி. எதையும் எதிலிருந்தும் தடுக்காத வேலி. விண்ணப்பதாரர் அதன் தூணில் ஒரு காலை மடக்கிச் சாய்ந்து, நான்கு நிமிடம் ஒன்றும் செய்யாமல் நிற்க வேண்டும். வைன்ஸ்காட்டும் இரண்டு உறுப்பினர்களும் கையில் நிறுத்துக்கடிகாரத்தோடு மடக்கு நாற்காலிகளில். உறுப்பினர்களில் ஒருவர் ஃப்ளோரிடாவில் படகு விற்றவர். இன்னொருவர் யோகா ஆசிரியை.

எல்டன் சாய்ந்தார்.

தூண் ஆடியது.

எல்டன் குனிந்து பார்த்தார். மேல்கம்பி தொய்ந்து கிடந்தது. இரண்டு இடத்தில் ஆணியைக் காணோம். கை தானாகப் பின்பாக்கெட்டுக்குப் போயிற்று. குறடு வந்தது. பல்லில் ஓர் ஆணி. மூன்று நிமிடம் ஐம்பது விநாடியில் கம்பி வீணைத் தந்தியாக விறைத்து நின்றது. தூணடியில் கல் வைத்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது, தேர்வாளர்கள் மூவரும் முகம் வெளிறிப் போயிருந்தார்கள்.

"என்ன பண்ணினீங்க?" என்றார் வைன்ஸ்காட்.

"கம்பி தொங்கிச்சு சார். சரி பண்ணிட்டேன்."

"அது போன வாரம் நியூயார்க்லேருந்து நிபுணரை வரவழைச்சுத் தொங்க விட்டது! சோகமா தெரியணும்னு!"

"மாடு வெளிய போயிடுமேன்னு..."

"எந்த மாடு? இங்க மாடே கிடையாது! மிஸ்டர் ஜெஸப், உங்க பிரச்னையே இதுதான். எதைப் பார்த்தாலும் உங்களுக்கு மாடு ஞாபகம்."

இரண்டாவது பரீட்சை, தொடுவானத்தை நோக்குதல். தொடுவானத்தைப் பாங்குக் கட்டடம் மறைத்ததால், ஒரு பெரிய ஓவியத்தை நட்டிருந்தார்கள். மலை, சூரிய அஸ்தமனம், கீழே ஒரு மாட்டு மந்தை. கண்ணைச் சுருக்கி, இழந்த எதையோ நினைப்பதுபோல் பார்க்க வேண்டும்.

எல்டன் கண்ணைச் சுருக்கினார். இன்னும் சுருக்கினார். யோகா ஆசிரியை நெகிழ்ந்துபோய் பேனாவை எடுத்தார். வாரிய வரலாற்றில் இவ்வளவு ஆழமான சுருக்கத்தை அவர் கண்டதில்லை.

"சார்," என்றார் எல்டன். "இடது பக்கம் மூணாவது மாட்டுக்கு வயிறு உப்பியிருக்கு. இப்படியே விட்டா சாயங்காலத்துக்குள்ள செத்துடும்."

யோகா ஆசிரியை பேனாவை மூடிவிட்டார்.

வைன்ஸ்காட் எல்டனைத் தனியே அழைத்துப் போய்த் தோளில் கை வைத்தார். பிறகு கையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"மனசு விட்டுப் பேசறேன். நான் பத்தொன்பது வருஷம் கனெக்டிகட்ல பல்லுக்கு இன்ஷூரன்ஸ் வித்தேன். ஒருநாள் ஒரு கடைக் கண்ணாடிக்குப் பின்னால இந்த பூட்ஸைப் பார்த்தேன். அந்த நிமிஷமே தெரிஞ்சு போச்சு, பத்தொன்பது வருஷமா நான் கௌபாயாத்தான் இருந்திருக்கேன்னு. பக்கத்துல ஒரு மாடு இல்ல, குதிரை இல்ல. ஆனா உள்ளே சுதந்திரம்! மாடுங்கிறது ஒரு தடங்கல் ஜெஸப். கூட மாடு இருக்கிறவன் மாட்டைப் பார்ப்பானா, கௌபாயா இருப்பானா?"

எல்டன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஐம்பத்து நான்கு வயதில் அப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்த்ததில்லை.

வியாழக்கிழமை, தனிமைப் பரீட்சை. வாரியத்தின் ஏழு பேர் சுற்றி உட்கார்ந்து எல்டன் எவ்வளவு தனிமையில் இருக்கிறார் என்று ஆராய்ந்தார்கள்.

"திருமணம்?"

"ஆச்சு சார். நொரீன். ஸ்கூல் பஸ் ஓட்டறா."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அது அவ்வளவு நல்லதில்லையே. சரி, மனைவி இருந்தும் உள்ளுக்குள்ள தனியா வாடறவங்க உண்டு. சோதிச்சுப் பார்த்துடலாம்."

வைன்ஸ்காட் நொரீனின் கைபேசிக்கு எண்களை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டார். பின்னணியில் நாற்பது பிள்ளைகளின் கூச்சல்.

"திருமதி ஜெஸப்? உங்க கணவர் தனிமையில வாடறவரா?"

"யாரு, எல்டனா?" என்றாள் நொரீன். "நேத்து நான் பேசிக்கிட்டே இருக்கேன், தட்டுல தலையை வச்சு தூங்கிட்டாரு. மே மாசத்துலேருந்து மலை, மாடு, மலை, மாடு. வாடறது நான்தான்யா! டேய், பின்சீட்டு! உக்காருடா!"

படகு விற்றவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார்.

"அம்மா," என்றார் வைன்ஸ்காட் தழுதழுத்த குரலில். "நீங்க ஏன் விண்ணப்பிக்கக் கூடாது?"

வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணி. முடிவு வந்தது.

நூற்றுக்குப் பதினொன்று.

வாசனைக்குப் பூஜ்யம். (தோல், விறகுப் புகை, லேசான சந்தனம் இருக்க வேண்டுமாம். சீசாவில் கீழ்த்தளத்துக் கடையில் கிடைக்கும்.) உடைக்கு ஒன்று, அதுவும் கிழிசலுக்காக. குறிப்புப் பகுதியில் வைன்ஸ்காட் தன் கையாலேயே எழுதியிருந்தார்: 'விண்ணப்பதாரருக்கு மாடுகளோடு தேவைக்கு மீறிய பழக்கம் உள்ளது. அடுத்த வருடம் முயலலாம்.'

நொரீன் ஜெஸப்புக்குத் தொண்ணூற்றிரண்டு. சான்றிதழ் தபாலில் வர ஆறு வாரம்.

எல்டன் கௌண்டர் தொலைபேசியில் ஹைரம் ஓடலைக் கூப்பிட்டார்.

"கிடைக்கல ஹைரம்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "தெரியும். சான்றிதழ் இருக்கிறவங்கள்ல எட்டு பேரைக் கேட்டுட்டேன். நாலு பேருக்கு நாளைக்கு அணிவகுப்பாம். மூணு பேருக்குக் குதிரை ஒத்துக்காதாம், தும்மல் வருதாம். கடைசி ஆளு அந்த வைன்ஸ்காட். திங்கக்கிழமை பார்க்கலாம்னு சொல்றாரு. திங்கக்கிழமை என்னத்தைப் பார்க்கறது, கொம்பு நுனியையா?"

எல்டன் தொலைபேசியை வைத்தார். வெளியே மலையுச்சியில் மேகம் இறங்கத் தொடங்கியிருந்தது. கன்றுகளை நினைத்தார். மே மாதம் பனிச்சேற்றில் பிறந்த ஒரு வெள்ளைமூஞ்சிக் கன்றைத் தன் கோட்டுக்குள் வைத்து ஓர் இரவு முழுக்கச் சூடேற்றியதை நினைத்தார். அந்தக் கோட்டுத்தான் இப்போது வாசனையில் பூஜ்யம் வாங்கியிருந்தது.

"கண்ணு," என்றாள் ஒப்பல். "இங்க வா."

அவள் முன் வாரியத்தின் விதிப்புத்தகம் திறந்து கிடந்தது. விரல் நாற்பத்தொன்றாம் விதியில்.

"இதை யாரும் படிக்கிறதில்ல. சுற்றுலாப் பயணிங்களுக்காகப் போட்டது. கேளு. 'தான் கௌபாய் அல்ல என்று எழுத்துமூலம் உறுதியளிக்கும் விருந்தாளிகள், மாடு ஓட்டுதல், கயிறு வீசுதல், வேலி கட்டுதல் முதலிய கேளிக்கைகளில் கவுண்டி எங்கும் தடையின்றி ஈடுபடலாம்.'"

எல்டன் இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டார்.

"கௌபாய் இல்லைன்னு எழுதிக் குடுத்தா, மாடு ஓட்டலாமா?"

"தெருவோட போலாம், வரலாம். உன்னைத் தடுக்க ஷெரிஃபால கூட முடியாது."

படிவம் ஒரே பக்கம். 'நான் கௌபாய் அல்ல. ஒருபோதும் இருந்ததில்லை. கௌபாய்க்குரிய திறன் எதுவும் என்னிடம் இல்லை என உளமார உறுதி கூறுகிறேன்.'

பேனாவைப் பிடித்த கை கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே நின்றது.

"இருபத்து மூணு வருஷம் ஒப்பல்."

"மாடு இதைப் படிக்காது கண்ணு."

எல்டன் கையெழுத்துப் போட்டார்.

செய்தி எங்கள் ஊரில் நடந்து போவதில்லை, ஓடும். நாலே முக்காலுக்குள் வரிசை தபாலாபீஸ் வரை நீண்டுவிட்டது. துணித்தொப்பிகள், சாணி பூட்ஸ்கள், காலையில்தான் குதிரை உதைத்து நொண்டி வந்தவர்கள், கையில் கயிற்றுத் தழும்பும் பாதிக் கட்டைவிரலுமாக ஒருவர். எல்லோரும் தாங்கள் கௌபாய் இல்லை என்று உளமார உறுதி கூறிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மாலை ஆறு மணிக்கு ஒப்பல் கணக்குப் போட்டுப் பார்த்தாள். சேஜ்வெல் கவுண்டியில் மாட்டைத் தொடத் தெரிந்த கௌபாய் என்று சட்டப்படி ஒருவர்கூட மிச்சமில்லை.

சனிக்கிழமை. காலை பதினொன்று.

மெயின் தெரு நிறையச் சுற்றுலாப் பயணிகள். நடுவே அசல் கௌபாய் அணிவகுப்பு, சான்றிதழ் பெற்ற இருநூற்றுப் பன்னிரண்டு பேர். தலைமையில் வாடகை வெள்ளைக் குதிரைமேல் வைன்ஸ்காட். அவர் சட்டையில் ஜிகினா. குதிரையின் கடிவாளத்திலும் ஜிகினா.

பாங்கு மூலையில் ஒரு பழைய தீவன வண்டி திரும்பியது.

அதன் ஹாரன் நீளமாக ஒருமுறை அலறியது. மே மாதத்திலிருந்து அந்த ஹாரனுக்கு ஒரே அர்த்தம்தான், சாப்பாடு. வண்டிக்குப் பின்னால், தெருவின் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை, மாடுகள் வந்தன. மாடுகளுக்குப் பின்னால் குதிரைகளில் ஆறு விருந்தாளிகள்.

வெள்ளைக் குதிரைக்கு விஷயம் புரிந்தது. வைன்ஸ்காட்டை இறக்கிவிட்டு, யோசிக்காமல் வீட்டுக்குக் கிளம்பிப் போயிற்று.

எல்டன் வண்டியை நிறுத்தினார். மாடுகளும் நின்றன. முதல் பனித்துகள் விழுந்தது.

"யார் இதுக்குப் பொறுப்பு?" வைன்ஸ்காட் தூசி தட்டிக்கொண்டு வந்தார். "ஜெஸப்! உங்களுக்குத்தான் சான்றிதழ் இல்லையே!"

"நான் விருந்தாளி சார். விதி நாப்பத்தொண்ணு. கேளிக்கைக்கு வந்தேன்."

"திருப்பிக்கிட்டுப் போங்க! அணிவகுப்பு முடியட்டும்!"

"திருப்பத் தெரியாது சார். திறன் எதுவும் இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். தெரியும்னு சொன்னா பொய் உறுதிமொழி. ஜெயில்."

வைன்ஸ்காட் தன் படையை நோக்கித் திரும்பினார். "கௌபாய்களே! இந்த மாடுகளைத் திருப்புங்க!"

இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் தத்தம் பூட்ஸின் தையலை ஆராய்ந்தார்கள். விலைச்சீட்டுக்காரர் முணுமுணுத்தார். "எனக்கு வேலியில சாயறதுல மட்டும்தான் தேர்ச்சி."

"வெக்கமா இல்ல? நானே பார்த்துக்கறேன்." வைன்ஸ்காட் தொப்பியைக் கழற்றி மாடுகளை நோக்கி வீசி வீசி ஆட்டினார்.

மாடுகளுக்கு அது புதிய வகைத் தீவனப் பாத்திரமாகப் பட்டது. முன்வரிசை ஆர்வமாக நெருங்கியது. ஒரு சிவப்பு மாடு அவர் கைக் குஞ்சத்தை வாயில் போட்டு மென்று பார்த்தது. நன்றாக இருந்திருக்க வேண்டும். மற்றதுகளும் வந்தன. இன்னொன்று தொப்பியைத் தின்னத் தொடங்கியது. வைன்ஸ்காட் தபால்பெட்டிமேல் ஏறிவிட்டார். ஒரு கை விளக்குக் கம்பத்தில், இன்னொரு கை சிவப்பு மாட்டின் வாயில் இருந்த சட்டையை இழுத்தபடி.

"யாராவது! இங்க யாராவது கௌபாய் இருக்கீங்களா?"

அசல்கள் மறுபடி பூட்ஸின் தையலுக்குப் போய்விட்டார்கள். குதிரைகளில் இருந்த விருந்தாளிகள் வானத்தைப் பார்த்தார்கள். எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான்.

எல்டன் வண்டிக் கண்ணாடியை இறக்கினார்.

"சார், ஒரு விருந்தாளியா நான் ஏதாவது கேளிக்கை பண்ணிப் பார்க்கலாமா?"

"எதையாவது பண்ணித் தொலைய்யா!"

"எழுதிக் குடுங்க சார்."

"என்னது?"

"வாரியம் வாய்ப்பேச்சை ஏத்துக்காதுன்னு செவ்வாய்க்கிழமை நீங்கதான் சொன்னீங்க. வருஷா வருஷம் இதே சனிக்கிழமை, இதே தெரு, எங்க சங்கத்து மாடு போகலாம்னு எழுதிடுங்க. ஓட்டற ஆளு நான்னு பேரும் போட்டுடுங்க. ஹைரம் கேப்பாரு."

ஒப்பல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கைப்பையில் வாரியத்தின் காகிதம், பேனா, முத்திரை, மைப்பெட்டி எல்லாம் தயாராக இருந்தன. மாடுகளை முழங்கையால் இடித்துத் தள்ளி வழி செய்துகொண்டு தபால்பெட்டியை அடைந்தாள்.

"இங்க ஒண்ணு கண்ணு. இங்க ஒண்ணு. தேதி போட மறந்துட்டே."

வைன்ஸ்காட் கால்களை மார்போடு மடக்கியபடி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஒப்பல் சிவப்பு மாட்டின் முதுகில் காகிதத்தை வைத்து முத்திரை குத்தினாள். மாடு அசையவில்லை. காகிதம் எல்டனின் சட்டைப்பையில் போய்ச் சேர்ந்தது. பனி இப்போது சரம்சரமாக விழ ஆரம்பித்திருந்தது. கீழ்ப் புல்வெளிக்கு இன்னும் ஒரு மைல்தான்.

எல்டன் கியரில் கை வைத்தார்.

அப்போது பக்கக் கண்ணாடியில் டொக் டொக் என்று ஒரு சத்தம். கேமராவோடு ஓர் அம்மாள். வெளியூர்க்காரர் என்று பார்த்தாலே தெரிந்தது. எதிரே, அணிவகுப்பு அப்படியே உறைந்து, இருநூற்றுப் பன்னிரண்டு தொப்பிகளோடு தெருவை அடைத்து நின்றுகொண்டிருந்தது.

"ஏங்க, தப்பா நினைக்காதீங்க," என்றார் அம்மாள் மிகுந்த பணிவோடு. "வண்டியைக் கொஞ்சம் முன்னால நகர்த்தறீங்களா? கௌபாய்ங்கள மறைக்குது."

"அதுக்கென்னம்மா," என்றார் எல்டன்.

ஹாரனை ஒருமுறை நீளமாக அடித்துவிட்டு, வண்டியை முன்னால் நகர்த்தினார்.

மாடுகளும் நகர்ந்தன.